எண்பது டாக்டர்கள், ஒரு கோடி மக்கள்

குழந்தை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டால், தாயின் உயிருக்குச் சராசரியாக மூன்று நாள் அவகாசம் உண்டு. கருப்பை கிழிந்துவிட்டால் ஒரு நாள். பிரசவம் முடிந்தபின் உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால் இரண்டே மணி நேரம். தலைநகரில் எத்தனை பெரிய நிபுணர் இருந்தாலும், அந்த நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் அறுவை செய்யத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் பயனில்லை.

இந்தக் கணக்கை மிகக் கடுமையாக எதிர்கொண்ட நாடு மொசாம்பிக். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த நாடு 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. டாக்டர்களில் பெரும்பாலோர் போர்ச்சுகீசியர்கள். அவர்கள் ஊர் திரும்பிவிட, சுமார் ஒரு கோடி மக்களுக்கு மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 80 டாக்டர்கள். அதாவது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒருவர். நாட்டின் கடற்கரை நீளம் மட்டுமே சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைவிட அதிகம். போதாக்குறைக்கு 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்தது. நோயாளியைச் சாலை வழியே நகரத்துக்குக் கொண்டுபோவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

அந்தப் போரின் நடுவில்தான், 1984இல், ஒரு புதிய பயிற்சி தொடங்கியது. ஏற்கெனவே சுகாதாரத் துறையில் வேலை பார்த்து, நோயாளிகளிடம் பழகித் தேர்ந்த இடைநிலைப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் தலைநகர் மபூட்டோவின் மத்திய மருத்துவமனையில் பயிற்சி. மூன்றாம் ஆண்டு ஒரு மாகாண மருத்துவமனையில். பிறகு நேராக மாவட்ட மருத்துவமனைக்கு. போர்ச்சுகீசிய மொழியில் ‘டெக்னிகோ டி சிருர்ஜியா’ எனப்படும் இவர்களை நாம் ‘அறுவை நுட்பர்’ என்று சொல்லலாம். எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் பட்டம் இல்லாமல், அறுவை சிகிச்சையில் மட்டும் முறையாகப் பயின்றவர் என்று பொருள்.

மூன்று ஆண்டுகளில் எப்படி முடிகிறது? சூட்சுமம் பாடத்திட்டத்தைக் குறுக்கியதில் இருக்கிறது. ஒரு மாவட்ட மருத்துவமனையின் அறுவை அரங்குக்கு வரும் அவசரங்களைக் கவனித்தால், திரும்பத் திரும்ப ஒரு சில வகைகளே வருகின்றன. சிசேரியன், கருக்குழாயில் தங்கி வெடித்த கரு, கிழிந்த கருப்பை, இறுகிப்போன குடலிறக்கம், குடலடைப்பு, எலும்பு முறிவு, தீக்காயம். டாக்டர் உடல் முழுவதையும் படிக்கிறார். அறுவை நுட்பர் இந்தச் சிலவற்றையே கை பழகும்வரை செய்கிறார். சிசேரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல், கொழுப்பு, தசையை மூடிய உறை, வயிற்றின் உட்சவ்வு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, சிறுநீர்ப்பையைப் பத்திரமாகக் கீழே ஒதுக்கி, கருப்பையின் மெல்லிய அடிப்பகுதியைத் திறக்க வேண்டும். வரிசை மாறாது. நூறு முறை செய்த கைக்கு எந்த அடுக்கு எப்போது வரும் என்பது தெரிந்துவிடும். தன்னால் ஆகாத நோயாளியை அடையாளம் கண்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிவதும் அந்தத் திறமையில் சேர்ந்தது.

சந்தேகம் எழாமல் இல்லை. அதனால் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அறுவை நுட்பர்கள் மபூட்டோவில் செய்த 958 சிசேரியன்களை, மகப்பேறு நிபுணர்கள் செய்த 1,113 சிசேரியன்களோடு ஒப்பிட்ட ஆய்வு 1996இல் வெளியானது. தாய், சேய் இருவரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேல்தோல் தையல் பிரிவதில் மட்டும் சிறிய வித்தியாசம். பல நாடுகளின் ஆறு ஆய்வுகளில் இடம்பெற்ற 16,018 பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஏறக்குறைய இதையே காட்டியது. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் டாக்டரல்லாதவர்கள் செய்த அறுவையில் காயத்தில் சீழ் பிடிப்பதும் தையல் பிரிவதும் சற்று அதிகம். இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை, பயிற்சியால் சரிசெய்யக்கூடியதுதான்.

2002 வாக்கில் மொசாம்பிக்கின் கிராமப்புற மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 சதவீதத்தைச் செய்தவர்கள் இவர்களே. ஓர் அறுவைக்கு ஆகும் செலவைப் பயிற்சி, சம்பளம் எல்லாம் சேர்த்து 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டபோது, நிபுணருக்குச் சுமார் 144 டாலர், அறுவை நுட்பருக்குச் சுமார் 39 டாலர்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு வேறொன்று. மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 59 அறுவை நுட்பர்களில் 88 சதவீதத்தினர் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 34 டாக்டர்களில் ஒருவர்கூட இல்லை. டாக்டருக்கு மேற்படிப்பு உண்டு, நகரம் உண்டு, வெளிநாடும் உண்டு. அறுவை நுட்பரின் சான்றிதழுக்கு எல்லைக்கு அப்பால் மதிப்பில்லை. அந்த ஏற்பாட்டின் பலம் அதுதான். அநீதி ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

இத்தகைய ஏற்பாடு நமக்கும் முற்றிலும் புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் எல்.எம்.பி. டாக்டர்கள் குறைந்த காலப் படிப்போடு சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தார்கள். மருத்துவப் படிப்பு ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்று போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு 1946இல் பரிந்துரைத்தபின் அந்தப் படிப்பு மறைந்தது. ஆப்பிரிக்காவிலும் மொசாம்பிக் மட்டும் அல்ல. டான்சானியா 1960களிலேயே உதவி மருத்துவ அலுவலர்களை உருவாக்கத் தொடங்கியது. 1991 வரை மருத்துவக் கல்லூரியே இல்லாத மலாவியில் சிசேரியன்களில் பெரும்பங்கை, மருத்துவப் பட்டம் இல்லாத ‘கிளினிக்கல் ஆபீசர்’கள் செய்துவருகிறார்கள்.

இத்தகைய பணியாளர்களை டாக்டர் கிடைக்கும்வரை சமாளிக்கும் தற்காலிக ஏற்பாடாகப் பார்ப்பது தவறு. நடுநிசியில் சிசேரியன் செய்கிறவருக்கு அதற்கேற்ற சம்பளமும், மேலே படிக்க வழியும், பதவி உயர்வும் கிடைத்தாக வேண்டும். மொசாம்பிக் பின்னாளில் அறுவை நுட்பர்களுக்குப் பட்டப்படிப்பு வழியைத் திறந்தது. இவர்களை நம்பியிருக்கும் மற்ற நாடுகளும் அதைச் செய்ய வேண்டும்.