உயிர்க்கலத்தின் செய்தியும் ஒளிரும் புரதமும்

நிலவில்லாத இரவிற் சாம்பல்தீவுக் கடலிலே துடுப்பு விழுமிடத்தில் நீல மினுக்கம் தோன்றி மறைதலுண்டு. அது நுண்ணுயிர்கள் தாமே பிறப்பிக்கும் ஒளி. வட அமெரிக்காவின் பசுபிக் கரையில் வாழும் கடற்சொறி ஒன்றும் விளிம்பில் ஒளிர்வதாகும்; ஆயின் அதன் ஒளி நீலமன்று, பச்சை. இவ்வேறுபாட்டின் காரணம், உயிருள்ள கலத்தினுள் நிகழும் செய்திப் பரிமாற்றத்தைக் கண்ணாற் காண்பதற்கு வழிகாட்டிற்று.

அச்சொறியில் இரு புரதங்கள் உள்ளன என்பதை 1962இல் ஒசாமு சிமோமுராவும் அவருடன் உழைத்தோரும் குறித்தனர். ஒன்று, கல்சியம் சேர்ந்தவுடன் நீல ஒளி தருவது. மற்றது தானாக ஒளிராது. முன்னதன் ஆற்றலை ஏற்றுப் பச்சையொளியாக வெளிவிடுவது. இங்ஙனம் பெற்ற ஒளியாற்றலை வேறு நிறமாகத் திருப்பித் தரும் இயல்பே புளோரொளிர்வு எனப்படும். பச்சைப் புரதத்தின் பரம்பரையலகை டக்ளஸ் பிரஷர் 1992இல் வெளியிட்டார். 2008இல் இத்துறைக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது அவர் ஆய்வுகூடத்தில் இல்லை. வண்டிச் சாரதியாக வேலைசெய்துகொண்டிருந்தார்.

ஓய்விலுள்ள கலத்தினுட் கல்சியம், வெளியிலுள்ளதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. அது திடீரெனப் பெருகுதலே ஒரு செய்தி: அதனாலேதான் தசை சுருங்குகின்றது. அச்செய்தியை ஏற்கும் புரதங்களுள் ஒன்று கல்மொடுலின். நான்கு கல்சிய அயன்களைப் பற்றியதும் அது வடிவம் மாறிப் பிறிதொரு புரதத்துண்டை அணைத்துக்கொள்ளும். கலங்களை அரைத்துச் சோதித்தால் இது நிகழ்வது தெரியும். கலத்தின் எவ்விடத்தில், எக்கணத்தில் என்பது தெரியாது.

1997இல் அட்சுசி மியாவாக்கி, ரொஜர் சியென் முதலானோர், கல்மொடுலினையும் அத்துண்டையும் ஒரே தொடராக்கி, ஒரு முனையில் நீலமாக ஒளிரும் புரதத்தையும் மறுமுனையிற் பச்சைப் புரதத்தையும் பொருத்தினர். நீலப் புரதத்தைத் தூண்டும் கதிரைச் செலுத்தினால், கல்சியம் இல்லாதபோது நீலமே மிகும். கல்சியம் வந்ததும் தொடர் மடங்கி முனைகள் நெருங்க, ஆற்றல் பச்சைக்குத் தாவும். மில்லிமீற்றரின் 100,000இல் ஒரு பங்கினும் குறைந்த தூரத்திலேயே இத்தாவல் இயலும். ஆதலின் நிறமே அளவுகோலாயிற்று. சொறி தன் விளிம்பிற் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுவேயன்றோ! கலத்துக்குப் பரம்பரையலகை மட்டும் கொடுத்தாற் போதும். அது தானே இக்கருவியைச் செய்துகொள்ளும்.

ஆயினும் கருவியும் கல்சியத்தைப் பற்றுவதே. அளவு மிகின், காணவேண்டிய செய்தியை அதுவே விழுங்கிவிடும். அன்றியும், கலத்துக்குரிய கல்மொடுலின் கருவியிலுள்ள துண்டை அணைத்துக் கணக்கைக் கெடுத்தலும் கூடும். இக்குறையை நீக்கவே, கல்மொடுலினுக்குப் பதிலாகத் தசைக்குரிய துரொப்போனின் என்னும் புரதத்தைக் கொண்ட கருவிகள் பின்னர் ஆக்கப்பட்டன.