வாலுப் பிள்ளை திடீர்னு அடங்கிட்டா? சர்க்கரையைப் பாருங்க

குந்தாரப்பள்ளி சந்தையில் ஆட்டுக்குட்டி பின்னாலேயே ஓடுற இரண்டு வயசுக் குழந்தைக்குச் சர்க்கரை நோயா? வரும். 'சாக்லேட் கொடுத்துக் கெடுத்துட்டே' என்று மருமகளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது 'டைப் 1'. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. வாந்தி, மூச்சிரைப்பும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால், பாட்டிக்கு வீடு தேடி வரும் சர்க்கரை மாத்திரை பேரனுக்கு உதவாது. அவனுக்குத் தினமும் இன்சுலின்தான்.

ஊசியைவிடப் பெரிய தலைவலி, சேட்டை. ஊசி போட்டபின் தட்டைத் தள்ளிவிட்டு ஓடினால் சர்க்கரை இறங்கும். அடம், அழுகை, திடீர்த் தூக்கம்... இது குறும்பா, சர்க்கரை இறக்கமா? பார்த்தால் தெரியாது. அதனால திட்டுறதுக்கு முன்னாடி விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கணும். 70-க்குக் கீழே என்றால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர். 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்கணும். சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தைக்கு, சாப்பிட்டு முடித்ததும் ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்க.

ஓசூருக்கு ஷிப்ட் போகும் அப்பா, அம்மா இதையெல்லாம் பாட்டிக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் சொல்லிக்கொடுத்தாகணும். இன்னொன்று: பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.