எலும்பும் உழைப்பும்

எலி, அணில், முள்ளம்பன்றி முதலியன கொறித்துண்ணிகள் எனப்படும். பாலூட்டி இனங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 இவ்வகையைச் சேர்ந்தவை. மரம் ஏறுவன, மண்ணைத் தோண்டுவன, நீரில் நீந்துவன என இவற்றின் வாழ்க்கை பலவகைப்படும். வாழ்க்கைக்கு ஏற்பவே இவற்றின் எலும்புகளும் அமைந்துள்ளன.

தென் அமெரிக்காவில் டூக்கோ-டூக்கோ என்னும் சிறிய விலங்கு வாழ்கிறது. மண்ணுக்கடியிலிருந்து அது எழுப்பும் ஒலியே அதன் பெயராயிற்று. சார்லஸ் டார்வினும் தம் பயண நூலில் அவ்வொலியைக் குறிப்பிட்டுள்ளார். இவ்விலங்கு முன்னங்கால்களாலும் பற்களாலும் வளை தோண்டுகிறது.

உங்கள் கையை மடக்கி முழங்கையைத் தொட்டுப் பாருங்கள். பின்புறத்தில் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். கையை நீட்ட உதவும் தசை அம்முனையில் இணைந்துள்ளது. மண்ணைத் தோண்டும் விலங்குகளுக்கு இம்முனை நீண்டு தடித்திருக்கும். கடப்பாரை நீளமாக இருந்தால் பெரிய கல்லையும் எளிதில் பெயர்க்கலாம் அல்லவா? அதுபோலவே, நீண்ட எலும்பு முனை மண்ணைப் பெயர்க்கும் ஆற்றலைக் கூட்டுகிறது.

டூக்கோ-டூக்கோவின் உறவினமாகிய கொய்ப்பு, ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்கிறது. நீந்தும்போது அதற்குத் துடுப்பாக உதவுவன பின்னங்கால்களே. ஆகவே, அதன் பின்பாதங்கள் நீண்டுள்ளன. விரல்களுக்கிடையே சவ்வும் அமைந்துள்ளது. உறவினங்களே ஆயினும், ஒன்றுக்கு முன்னங்காலும் மற்றொன்றுக்குப் பின்னங்காலும் சிறப்புற்றன.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? முதற்காரணம் மரபு. நன்கு தோண்டவோ நீந்தவோ வல்ல விலங்குகளே மிகுதியாகப் பிழைத்துக் குட்டிகளை ஈன்றன. பல தலைமுறைகளில் அவ்வமைப்பு நிலைபெற்றது. எனவே, நீண்ட பாதத்தைக் கொய்ப்பு நீந்திப் பெறுவதில்லை, பெற்றோரிடமிருந்தே பெறுகிறது.

இரண்டாவது காரணம் உழைப்பு. எலும்பு கல்லைப் போன்றதன்று. அது உயிருள்ள உறுப்பு. விசை மிகுதியாகத் தாக்கும் இடத்தில் எலும்பு தடிக்கும். விசை குறைந்தால் மெலியும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விளக்கினார். எடையற்ற விண்வெளியில் பல மாதங்கள் தங்கும் வீரர்களின் எலும்புகள் மெலிவது இதற்குச் சான்றாகும்.

மரபு எலும்புக்கு வடிவம் தருகிறது. உழைப்பு அதற்கு உறுதி தருகிறது. இது மனிதருக்கும் பொருந்தும். எலும்பு விரைந்து வளரும் காலம் இளமைக்காலமே. அப்பருவத்தில் ஓடியும் குதித்தும் விளையாடுவோரின் எலும்புகள் வலிமை பெறுகின்றன. ஆதலால், மாலை விளையாட்டை வீண்பொழுது என்று எண்ணுதல் கூடாது.