கொழுப்பின் இருப்பிடம்

கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படும் என்று சென்ற இயலில் கண்டோம். அக்கொழுப்பு உண்ட எண்ணெயிலிருந்தும் நெய்யிலிருந்தும் நேரே வந்து படிகிறது என்பது பரவலான எண்ணம். ஆனால் நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பு எவ்வழியில் வந்தது என்று ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு, அதில் ஏறத்தாழ 59 விழுக்காடு இரத்தத்தில் சுற்றிவரும் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், 26 விழுக்காடு கல்லீரலே மாவுப்பொருளிலிருந்து புதிதாக ஆக்கிக்கொண்டதிலிருந்தும், 15 விழுக்காடு மட்டுமே உணவுக் கொழுப்பிலிருந்தும் வந்ததாகக் காட்டியது. சுற்றிவரும் கொழுப்பு அமிலங்களுள் பெரும்பகுதி உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிபவை. ஆகவே கல்லீரலின் நலத்தை அறிய, உடல் தன் கொழுப்பை எங்கே சேமிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பைவிட உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பே நீரிழிவோடு மிகுதியும் தொடர்புடையது என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே எழுதினார். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு ஒரு குதிர் போன்றது. மிஞ்சிய ஆற்றலை வாங்கி வைத்து, பட்டினிக் காலத்தில் அளந்து கொடுக்கும். அக்குதிர் நிறைந்தபின் வருவது குடலைச் சூழ்ந்தும், தசையிலும், கல்லீரலிலும் சேர்கிறது. குடலைச் சூழ்ந்த கொழுப்பின் இரத்தம் வாயிற்சிரை வழியே கல்லீரலை அடைவதால் அதுவே கல்லீரல் கொழுப்புக்கு முதன்மைக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் வாயிற்சிரையில் வரும் கொழுப்பு அமிலங்களுள் அதன் பங்கு சிறிதே என அளவீடுகள் காட்டுவதால், தொப்பையைக் காரணமாக மட்டுமன்றிக் குதிர் நிறைந்துவிட்டதன் அடையாளமாகவும் கொள்வதே பொருத்தம்.

இதற்கு வலுவான சான்று லிப்போடிஸ்ட்ரோபி என்னும் அரிய நோய். பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இல்லாத இந்நோயாளிகள் மெலிந்து தசை திரண்டவர்களாகத் தோன்றினாலும், இளமையிலேயே இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலைக்கும், கடும் நீரிழிவுக்கும், கொழுப்பு மண்டிய கல்லீரலுக்கும் ஆளாகின்றனர். குதிரே இல்லாத வீட்டில் நெல் முழுவதும் கூடத்தில் கொட்டிக் கிடப்பதற்கு ஒப்பானது இவர்கள் நிலை.

குதிரின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம் உடல்களையே சான்றாக வைத்தனர்: உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல்நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3தான்; ஆனால் கொழுப்பின் பங்கு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடை இயல்பாக உள்ளது என்ற ஒரே காரணத்தால் இந்தியர் ஒருவரின் கல்லீரலை ஆராயாமல் விடுவது எத்தனை பெரிய பிழை என்பதை இவ்விரு எண்களே உணர்த்தும். இந்திய மருத்துவ வழிகாட்டுதல்கள் வயிற்றுச் சுற்றளவுக்குப் பெண்களுக்கு 80 செ.மீ. எனவும், ஆண்களுக்கு ஐரோப்பியரினும் குறைவாக 90 செ.மீ. எனவும் வரம்பு வகுத்ததும் இதனால்தான்.

பயோகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மாத்திரையின் செயலும் குதிர் நிறைந்தபின்னரே கொழுப்பு கல்லீரலில் சேர்கிறது என்பதையே உறுதிசெய்கிறது. அது தோலடியில் புதிய கொழுப்பு உயிரணுக்களை முதிரச் செய்து அக்குதிரின் கொள்ளளவை விரிவாக்குவதால், அதை உட்கொள்வோரின் எடை சில கிலோ கூடும்போதே கல்லீரலிலுள்ள கொழுப்பு குறைகிறது.