டைட்டனோசாரஸ்: பெயர் செல்லாது, கண்காட்சி மட்டும் எப்படி?

லண்டன் சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ‘டைட்டனோசர்’ கண்காட்சி 2024 ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்த பெற்றோர் பலரும் ஒரே சந்தேகத்தை எழுதியிருந்தார்கள்: டைட்டனோசாரஸ் என்ற பெயரே செல்லாது என்கிறார்களே, பிறகு இது என்ன?

அந்தப் பெயர் பிறந்தது ஜபல்பூரில். 1828-இல் வில்லியம் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி அங்கே வால் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1877-இல் ஆய்வாளர் ரிச்சர்ட் லிடெக்கர் அவற்றுக்கு ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்.

விலங்கியல் விதிப்படி, பெயரைச் சுமப்பது ‘வகை மாதிரி’ எனப்படும் குறிப்பிட்ட எலும்புதான். லிடெக்கரின் முள்ளெலும்பில் முன்முகம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். பின்முகம் பந்துபோலப் புடைத்திருக்கும். ஒன்றின் பந்து அடுத்ததன் கிண்ணத்தில் போய் உட்காரும். அன்றைக்கு அது தனி அடையாளம். பிறகு அர்ஜென்டினா, மடகாஸ்கர் என்று பல இடங்களில் அதே அமைப்புள்ள வால்கள் கிடைத்தன. ‘சிவப்புக் கதவு வீடு’ என்று வழி சொன்ன தெருவில் எல்லா வீட்டுக்கும் சிவப்புக் கதவு வந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். முதலில் சொன்னவர் தப்புச் சொல்லவில்லை; ஆனாலும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

2003-இல் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி வில்சனும் பால் அப்சர்ச்சும் இந்த அடையாளம் காலாவதியாகிவிட்டது என்று எழுதினார்கள். அதற்குள் இந்தப் பெயருக்குள் 14 இனங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் ஐந்துக்குத்தான் தனி அடையாளம் தேறியது. இண்டிகஸ் அந்த ஐந்தில் இல்லை. ஜபல்பூர் எலும்போ அப்போது காணாமல்போன கணக்கில் இருந்தது. 2012-இல்தான் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் மீண்டும் கிடைத்தது.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த படி. பெயர் விதிகளின் அதிகாரம் குடும்பம் என்ற படியோடு நின்றுவிடுகிறது. அந்த எல்லைக்குள் வருவதால் ‘டைட்டனோசாரிடே’ என்ற குடும்பப் பெயரைப் பல ஆய்வாளர்கள் கைவிட்டார்கள். அதற்கும் மேலே உள்ள ‘டைட்டனோசாரியா’ என்ற பெருங்கூட்டத்தின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்காட்சிப் பலகையில் இருந்தது அந்தப் பெயர்தான். பெயர்கள் நிலைத்திருக்கவே விதிகள் என்று விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையம் சொல்கிறது. வேர் செல்லாமல் போய்க் கிளை மட்டும் நிற்பதை நிலைத்திருப்பது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற கேள்விகள்:

கண்காட்சியில் நின்றது எது? அர்ஜென்டினாவின் படகோடைட்டன், 37 மீட்டர் நீள வார்ப்பு, அசல் எலும்பு அல்ல.

அதுதான் உலகிலேயே பெரியதா? விளம்பரம் அப்படிச் சொன்னது. அர்ஜென்டினோசாரஸ் இன்னும் போட்டியில் இருக்கிறது, இரண்டுக்கும் முழு எலும்புக்கூடு கிடையாது.

நம் அரியலூர் கல்லமேட்டு புருஹத்காயோசாரஸ்? எலும்புகள் சிதைந்துபோயின, இனி அளக்க வழியில்லை.

பெயரை மீட்க முடியாதா? ஆணையத்திடம் மனுப் போடலாம். இகுவானோடானுக்கு 2000-இல் இங்கிலாந்து இனத்துக்குப் பதிலாக பெல்ஜிய இனத்தை அடிப்படையாக்கினார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கு என்ன எழுதித் தருவது? படகோடைட்டன், அது டைட்டனோசர் கூட்டத்தைச் சேர்ந்தது என்று எழுதட்டும். பக்கத்தில் ஜபல்பூர் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும்.