நாற்பது வயதுக்கு மேல் காண்டாக்ட் லென்ஸ் அணியலாமா?

நாளிதழைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்களா? ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளை அழைக்கிறீர்களா? உங்களுக்கு வெள்ளெழுத்து தொடங்கியிருக்கலாம். இது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கும்போது தடித்துக்கொடுக்கும். 40 வயதையொட்டி அந்த நெகிழ்வு வெகுவாகக் குறைந்துவிடுவதால், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது.

“மூக்குக்கண்ணாடி வேண்டாம், லென்ஸ் அணிய முடியாதா?” என்று பலர் கேட்கிறார்கள். முடியும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, தூரப் பார்வைக்கு லென்ஸ் அணிந்து, படிக்கும்போது மட்டும் வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது. எளிய வழி, பார்வையும் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது, ஒரு கண்ணுக்குத் தூரத்து லென்ஸ், மறு கண்ணுக்குக் கிட்டத்து லென்ஸ். தேவையான காட்சியை மூளையே தேர்ந்துகொள்ளும். ஆனால் தூரத்தைக் கணிப்பதில் தடுமாற்றம் வரலாம். இரவில் வாகனமோட்டுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மல்டிஃபோக்கல் லென்ஸ். கிட்டம், தூரம் இரண்டுக்குமான திறன் ஒரே லென்ஸில் வளையம் வளையமாக அமைந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் எழுத்தைச் சுற்றி நிழல் தெரிவதாகச் சிலர் குறைப்படுவதுண்டு.

நான்காவது, கடினவகை லென்ஸ். இதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. கண்ணைத் தாழ்த்தும்போது கீழிமை லென்ஸை மேலே தள்ளிக்கொடுக்கும். பழகச் சில வாரங்கள் ஆகலாம். நேரெதிரே கணினியைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

எது நல்லது? அது உங்கள் தொழிலைப் பொறுத்தது. தையல்காரரின் தேவை வேறு, லாரி ஓட்டுநரின் தேவை வேறு. பதிவு பெற்ற கண் பரிசோதகரிடம் சென்று, சோதனை லென்ஸைச் சில நாள் அணிந்து பார்த்தபிறகே வாங்குங்கள். இரவுச் சந்தையில் வாங்கவே வேண்டாம்.

வயது ஏற ஏறக் கண்ணீர் சுரப்பு குறையும், லென்ஸ் உறுத்தும். நீரிழிவு உள்ளவர்கள் முதலில் கண் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் பார்வையும் மாறும். கண் அழுத்த நோய் அறிகுறியே காட்டாமல் வளரக்கூடியது. ஆகவே மங்கலாகத் தெரிவதெல்லாம் வெள்ளெழுத்து என்று நாமே முடிவுசெய்துகொள்ளக் கூடாது.

சுத்தம் மிக முக்கியம். 2006ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃபுசேரியம் என்னும் பூஞ்சைத் தொற்று பரவியது. சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனது. அதோடு தொடர்புபடுத்தப்பட்ட லென்ஸ் திரவம் ஒன்று உலகச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது. எனவே கையைக் கழுவித் துடைத்தபின்பே லென்ஸைத் தொடுங்கள். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள். பழைய திரவத்தோடு புதியதைக் கலக்காதீர்கள். லென்ஸோடு உறங்காதீர்கள்.

கண் சிவந்தாலோ வலித்தாலோ லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரை நாடுங்கள். கண்ணாடி அணிவதில் வெட்கமில்லை. கண்ணை இழந்தால் மீட்பது கடினம்.