பெல் அடிக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?



போன தாளில் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதினேன். இந்த முறை சாப்பாடு. "சாப்பாடு பற்றி எழுத என்னடி இருக்கு?" என்று என் பெஞ்சில் உட்காருகிறவள் சிரித்தாள். இருக்கு. கடைசி வரை படிங்க, நடுவில் செய்முறையும் வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்று வையுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்தால், அடுத்த சாப்பாடு மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு பெல் அடித்தபோதுதான். நடுவில் எத்தனை மணி நேரம்? 16. அதில் இரண்டு மூன்று மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் படிக்க வேண்டும். நான் அப்படித்தான் ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தேன்.

என் தம்பி மூன்றாவது படிக்கிறான். அவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. எங்க அம்மா குரோம்பேட்டை பக்கம் தையல் வேலைக்குப் போறவங்க. ஆறரைக்கெல்லாம் கிளம்பணும். தம்பிக்குக் கிடைக்கிற சாப்பாடு எனக்கும் கிடைக்குது என்று அம்மா நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அம்மா இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கணும். ஒரு புதன்கிழமை தம்பி தண்ணி பாட்டில் மூடியில் கொஞ்சம் பொங்கல் எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இந்தா" என்று நீட்டினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம் போடா என்று விரட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பிரேயரில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். டீச்சர் "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் "சாப்பிட்டேன் மிஸ்" என்றேன். "என்ன சாப்பிட்ட?" என்றார்கள். அதற்குப் பதில் வரவில்லை.

மயக்கம் ஏன் வந்தது என்று அறிவியல் டீச்சர் பிறகு சொன்னார்கள். நாம் தூங்கும்போதும் மூளை தூங்குவதில்லையாம். உடம்பு செலவு செய்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ். ராத்திரி முழுக்கக் கல்லீரல்தான் சேர்த்து வைத்திருப்பதில் இருந்து அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விடியும்போது அந்தச் சேமிப்பு குறைந்துபோயிருக்கும். அதை நிரப்புவதுதான் காலைச் சாப்பாட்டின் வேலை. உண்டியலில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான் எனக்கும் ஆனது.

நம்ம ஊரில் பள்ளியில் சோறு போடுவது நேற்று வந்தது இல்லை. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. (பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய்.) அப்புறம் 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு. மாடு மேய்த்த பையன் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் எழுதவில்லை. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் அது பெரிய பிள்ளைகளுக்கும் வந்தது. முட்டை வந்தது 1989-இல், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இப்போது வாரத்துக்கு ஐந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டே "மறுபடியும் முட்டையா" என்று முகம் சுளிக்கிறவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

ஆனால் கவனித்தீர்களா, இதெல்லாம் மதியத்துக்கு. காலைக்கென்று தமிழ்நாடு முழுக்க ஒரு திட்டம் வந்தது 2022 செப்டம்பர் 15-இல்தான். மதுரையில் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 25-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. தொடங்கியபோது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சிறுதானியமோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. நல்ல திட்டம். ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறவர்களுக்கு வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போனால் பசி நின்றுவிடுமா என்ன? அதனால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதில் படிக்கிற நாம்தான் நமக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அம்மாவை நாலு மணிக்கு எழுப்பாமல்!

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பானையில் தண்ணி ஊற்றும்போது மட்டும் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டார்கள். அதுதான் என் முதல் காலைச் சாப்பாடு: பழைய சோறு.

பழைய சோறு என்றால் இளப்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். டப்பா மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துச் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதே மாதிரிதான் முதல் நாள் சாப்பிட்டேன். ஆனால் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், தெரியுமா? ராத்திரி முழுக்கத் தண்ணியில் ஊறும்போது தயிரில் இருக்கிற மாதிரி நல்ல பாக்டீரியாக்கள் அதில் வளர்கின்றன. டாக்டர்கள் பார்க்கிற சோற்றை நாம் எதுக்கு மறைக்கணும்? கொஞ்சம் மோர், உப்பு, நாலு சின்ன வெங்காயம். அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயம்: பானையும் தண்ணியும் சுத்தமாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் கெட்ட வாடை வந்தால் கீழே கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

அடுத்தது கேவுரு கூழ். இதற்கு எங்க ஆயாதான் டீச்சர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றினால் சொம்பு எடுத்துக்கொண்டு ஓடுகிறோம், வீட்டில் செய்தால் வேண்டாம் என்கிறோம், ஏன் என்று தெரியவில்லை. முதல் நாள் ராத்திரியே கேழ்வரகு மாவைத் தண்ணியில் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். தண்ணியில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்து வைத்தால், காலையில் ஒரு உருண்டையை மோரில் கரைத்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு ஓடிவரலாம். இரண்டே நிமிஷம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். நாம் வளர்கிற வயசு, எலும்புக்கு இது வேண்டும். (ஆயா கருவாடும் வேண்டும் என்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.)

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது: முளைப்பயறு. அடுப்பு அதிகம் வேண்டாம், வேடிக்கையாகவும் இருக்கும். காலையில் ஒரு பிடி பச்சைப்பயறைக் கழுவித் தண்ணியில் ஊறப்போடுங்கள். சாயங்காலம் தண்ணியை வடித்துவிட்டு, ஈரமான சுத்தமான பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காய்ந்தால் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். நம்ம ஊர் சூட்டுக்கு மறுநாள் வால் வால் ஆக முளை விட்டிருக்கும். முதல் தடவை நான் தண்ணியை வடிக்காமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிட்டேன். திறந்தபோது வந்த நாற்றத்தில் தம்பி தெருவுக்கே ஓடிவிட்டான். முளை விடும்போது பயறு மூச்சு விடுகிறது, அதற்குக் காற்று வேண்டும். இது நம்ம அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். டப்பாவை மூடும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

முளை வந்ததும் நன்றாகக் கழுவி, இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவையுங்கள். பச்சையாகச் சாப்பிட்டால் சில சமயம் வயிற்றுக்கு ஆகாது. உப்பு, துருவிய கேரட், தேங்காய், மாங்காய்க் காலத்தில் பொடியாக நறுக்கிய மாங்காய், மேலே எலுமிச்சம் பழச்சாறு. கேரட் மட்டும் நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அம்மாவோடு போய் வாங்கியது. பயறு அண்ணாச்சி கடையில் கால் கிலோ 35 ரூபாய். அதில் எட்டுப் பிடி வந்தது. ஒரு பிடி நாலரை ரூபாய் கூட இல்லை. நாம் இன்டர்வெல்லில் வாங்குகிற அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் காற்று, மீதி உப்பு.

எலுமிச்சை சும்மா ருசிக்குப் போடவில்லை. பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. டீ அதற்கு நேர் எதிர். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு டீயும் ஒரு பொறையும்தான் காலைச் சாப்பாடு! 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. எனக்கு அடுத்த வருஷம் 15 ஆகிறது. அதைப் படித்ததும் என் வகுப்புப் பெண்களை எண்ணிப் பார்த்தேன்.

வாரம் ஒரு தரம் கொடுக்கிற நீல மாத்திரை இதற்காகத்தான். "வயித்தைப் புரட்டுது" என்று ஜன்னலுக்கு வெளியே போடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பேர் எழுத மாட்டேன். அது பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால்தான் புரட்டுகிறது. சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது புரட்டுவதில்லை.

அடுப்பே பற்ற வைக்க முடியாத நாளும் உண்டு. அன்றைக்குக் கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிஷம் ஊறவைத்து வெல்லமும் தேங்காயும் போட்டால் போதும். இல்லையென்றால் பொரியும் பொட்டுக்கடலையும். ராத்திரி மீந்த இட்லியை உதிர்த்து வெங்காயம் தாளித்துக் கிளறினால் தம்பி அதை "இட்லி பிரியாணி" என்கிறான்.

இன்டர்வெல் தீனிக்கு எதுவுமே வாங்காதீர்கள் என்று சொன்னால் நானே கேட்க மாட்டேன். கடலை மிட்டாய் வாங்குங்கள், எள்ளுருண்டை வாங்குங்கள், கொய்யா வாங்குங்கள். கண்ணைப் பறிக்கிற கலரில் இருப்பதைத் தொடாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கலர் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. அது துணிக்குப் போடுகிற சாயம். அம்மா தைக்கிற துணியில் இருக்க வேண்டியது என் நாக்கில் எதற்கு?

இப்போது ஒரு அறிவிப்பு. வீட்டில் சாப்பிட நேரமில்லாதவர்கள் டப்பாவில் கொண்டுவந்து பிரேயருக்கு முன்னாடி சாப்பிடலாமா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டோம். சரி என்றுவிட்டார்கள். வரும் திங்கள்கிழமையில் இருந்து காலை 8.45-க்கு வேப்ப மரத்தடி. ஆறு முதல் ஒன்பது வரை யார் வேண்டுமானாலும் வரலாம். பழைய சோறா, கூழா, பொரியா என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. டப்பா கொண்டுவர முடியாத நாளிலும் வாங்க, நான் இரண்டு பிடி பயறு கூடவே கட்டுகிறேன். கை கழுவச் சோப்பு என் பையில் இருக்கும். மரத்தடியைக் கூட்டுகிற முறை முதல் வாரம் எங்கள் வகுப்புக்கு, இரண்டாம் வாரம் எட்டாம் வகுப்புக்கு.

— 9-ஆம் வகுப்பு மாணவி